தறி நின்றால் கேட்கும் சத்தம்

1

போன வாரம் இங்கே பூமி ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன, சாமி படம் ஒரு பக்கம் சாய்ந்தது, கைபேசி அந்தப் பாழாய்ப்போன அபாயச் சத்தத்தை எழுப்பி ஓய்ந்தது. நான் அடுப்பை அணைத்தேன். வாசல் கதவைத் திறந்து ஒரு செருப்பை முட்டுக் கொடுத்தேன். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் நின்றதும் வெளியே வந்து படத்தை நேராக்கிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். ரசம் ஆறக்கூட இல்லை.

அதற்குள் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. ஜப்பானில் நிலநடுக்கம் என்று டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடியதாம். சோமனூரிலிருந்து, கருமத்தம்பட்டியிலிருந்து, ஒரு வருடமாக என்ன ஏது என்று கேட்காத ஒறம்பரைச் சொந்தக்காரர்களெல்லாம் கூப்பிட்டார்கள். எல்லாரும் ஒரே பாட்டு.

"உசுரோட இருக்கறயா அம்மணி? எதுக்கு உனக்கு அந்த ஊரு? பேசாம எல்லாத்தையும் வித்துப்போட்டு வந்து சேரு. நம்மூரு மண்ணு கெட்டி. ஆடவே ஆடாது."

இந்த மண்ணு கெட்டிக் கதையைக் கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து கேட்கிறேன். நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரிலேயே நன்றாக ஆடியிருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள், ஏதோ பூமி நடுவில் திருந்திவிட்டது போல. இத்தனை வருடமும் சிரித்துக்கொண்டே கேட்டேன். போன வாரம் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குக் கடைசியாகக் கூப்பிட்டது என் அண்ணன்.

2

அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். என் முகத்தைப் பார்த்து உயிரோடு இருக்கிறேன் என்று உறுதி செய்துகொண்டதும், "பாரு அம்மணி, புதுத் தறி வந்துருச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டினான்.

எங்கள் வீட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே தறிக்குடோன், மேலே வீடு. அப்பா கட்டியது. சோமனூரில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. கீழே காடாத்துணி ஓடிக்கொண்டிருக்கும், மேலே சோறு வெந்துகொண்டிருக்கும். அப்பா இறந்த பிறகு அண்ணன் பின்பக்கம் புது வீடு கட்டிக் குடும்பத்தோடு போய்விட்டான். அம்மா மட்டும் பழைய வீட்டு மாடியில். புது வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லையாம். கீழே தறி ஓடினால்தான் அம்மாவுக்குக் கண் சொருகும்.

அண்ணன் காட்டிய குடோன் விஸ்தாரமாக இருந்தது. பழைய தறிகள் போய், அகலமான ரேப்பியர் தறிகள் நின்றிருந்தன. எனக்கு ஏதோ இடித்தது. என்னவென்று உடனே தெரியவில்லை. கல்யாண மண்டபம் போல இப்படி ஒரே வெளியாக எப்போது ஆனது?

"ஏனுங்கண்ணா, மெயின் சுவிட்ச் எங்கீங்க?"

"அத வாசலுக்குப் பக்கத்துல, சுவத்துக்கு மாத்தியாச்சு."

மெயின் சுவிட்ச் நடுத்தூணில் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தூணில்தான் இருந்தது.

"தூணு எங்கீங்க?"

"எடுத்தாச்சம்மணி."

"எடுத்தாச்சுன்னா?"

"புதுத் தறி அகலம் ஜாஸ்தி. தூணு குறுக்கால நிக்குது. அதில்லாம வாஸ்துக்காரரு வந்து பாத்தாரு. ஊட்டுக்கு நட்டநடுவுல தூணு இருக்கவே கூடாதாமா. அது பிரம்ம ஸ்தானமாம், பாரம் ஏத்தக்கூடாதாமா. அப்பா போனதுலருந்து தொழில் எந்திரிக்காமக் கெடந்ததுக்கே அந்தத் தூணுதான் காரணமாம்."

"மேல அம்மா கட்டில் இருக்குதேங்கண்ணா!"

"கர்டர் போட்டிருக்கறமல்ல?"

காட்டினான். துருப்பிடித்த நிறத்தில் ஓர் இரும்பு கர்டர், இரண்டு முனையும் அப்பா காலத்துச் செங்கல் சுவரில் உட்கார்ந்திருந்தது. அதற்கும் தளத்துக்கும் நடுவே தகடு தகடாக எதையோ சொருகி, சிமெண்ட் பூசி மறைத்திருந்தார்கள்.

"எந்த இஞ்சினியர் பாத்துச் சொன்னாருங்க?"

"வாஸ்துக்காரரே டிப்ளமா சிவில் படிச்சவருதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் தமிழே வரவில்லை. "தமே!" என்று கத்தினேன். கூடவே கூடாது என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அண்ணன் கெக்கெக்கே என்று சிரித்தான். "கோவம் வந்தா ஜப்பான் பேச ஆரம்பிச்சுட்டயா?" என்றான். பிறகு தமிழிலேயே திட்டினேன். அதுவும் சரியாக வரவில்லை. எங்கள் ஊர்த் தமிழில் அண்ணனைத் திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்கு அறிவிருக்குதுங்களா" என்றால் அது திட்டு மாதிரியா இருக்கிறது?

3

ஆடுவது எனக்குப் புதிதல்ல. அதுதான் விஷயமே. நான் ஆடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

எங்கள் சமையலறை அலமாரியில் பாத்திரங்களுக்கு நடுவே துணிக் கழிவைச் சுருட்டிச் சொருகியிருப்பார் அம்மா. இல்லாவிட்டால் தறி ஓடுகிற ஓட்டத்துக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து கீழே விழும். தண்ணீர்க் குடத்தில் எந்நேரமும் சின்னச் சின்ன வட்டம் ஓடும். பள்ளிக்கூடத்தில் தரை அசையாமல் இருப்பதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

அதனால் என்ன நடந்தது தெரியுமா? இங்கே வந்த புதிதில், ஒரு மத்தியானம், தரையில் உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. டம்ளர் கிணுகிணுத்தது. மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. சரி, தறி போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு அரிந்துகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் கதவை உடைக்காத குறையாகத் தட்டி உள்ளே வந்து, தலைக்கு மேல் அலமாரி ஆட, கத்திரிக்காயும் கையுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கத்தினார். எனக்கு அப்போது பாஷை தெரியாது. தறியைப் பற்றிச் சொல்லக் கையால் நெய்து காட்டினேன். பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார்.

உலகத்தில் பூகம்பத்தைக் கண்டு தாய்வீடு என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்கள் சோமனூர்க்காரர்களாகத்தான் இருக்க முடியும். அந்தப் பழக்கம்தான் இப்போது என் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே வந்து நிற்கிறது. நாள் முழுக்க ஆடுகிற வீட்டில், எது தறியின் ஆட்டம், எது வீட்டின் ஆட்டம் என்று யாருக்குத் தெரியும்?

4

அந்தப் பெரிய பூகம்பம் வந்த வருடம் நாங்கள் வேறொரு அடுக்குமாடியில் இருந்தோம். உலகமே பார்த்தது, நான் வர்ணிக்கப் போவதில்லை. நிற்க முடியவில்லை, தவழவும் முடியவில்லை, குழந்தையாக இருந்த மகளை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தேன், அவ்வளவுதான். இது தறி இல்லை என்று அன்றைக்கு என் உடம்புக்கே புரிந்தது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், தூண்களைத் தட்டினார்கள், வாசலில் மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எச்சரிக்கையோடு நுழைக என்று அர்த்தம். பச்சை என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் காலை வைக்காதே. இந்த ஊர் அலுவலகங்களை எனக்குப் பிடிக்காது. ஒரு முத்திரைக்கு ஒன்பது முறை குனிய வைப்பார்கள். ஆனால் அந்தத் தாளுக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். அந்தத் தாளிடம் யாரும் "கர்டர் போட்டிருக்கறமல்ல?" என்று சொல்ல முடியாது.

நம்மூரிலும் இதைப் பார்க்க ஒருவர் இருப்பார் என்று நம்பி, ஓர் அலுவலகத்தின் நம்பரைத் தேடிப் பிடித்து, போன வாரம் கூப்பிட்டேன். எடுத்தவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார்.

"கட்டடம் உங்க பேருல இருக்குதுங்களா?"

"இல்லீங்க, எங்கப்பா பேருல."

"அப்ப அவர வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"அவரு தவறிட்டாருங்க."

"அப்ப வாரிசு யாராவது வரோணும்மா."

"வாரிசுதானுங்க தூண எடுத்ததே!"

"நீங்க எங்கிருந்துங்கம்மா பேசறீங்க?"

"ஜப்பானுங்க."

"ஐயையோ! அங்க பூகம்பம்னு டிவில போட்டானே, பத்திரமா இருக்கீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

5

என் மகள் தாரிணி பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் வரும். காதில் எந்நேரமும் எதையாவது மாட்டியிருப்பாள். "ஊருக்கு வர்றயா?" என்றால் "எந்த ஊர்?" என்பாள். முதலில் வலித்தது, பிறகு எரிச்சலானது, இப்போது அதுவும் பழகிப்போனது.

அவளைச் சின்ன வயதில் சோமனூருக்குக் கூட்டிப்போயிருந்தேன். விடிந்ததும் கீழே தறியைப் போட்டார்கள். இவள் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து, தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் பாய்ந்துவிட்டாள். "அம்மா, நீயும் வா, அம்முச்சியையும் கூப்பிடு" என்று தன் பாட்டிக்கும் சேர்த்து அங்கிருந்து அலறினாள். வீடே சிரித்தது. அண்ணன் தறிக்காரர்களையெல்லாம் மேலே கூப்பிட்டுக் காட்டினான். அந்தப் பயணம் முழுக்க அவளுக்குக் 'கட்டிலடி' என்றுதான் பேர். நானும்தான் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் சோமனூர் வருகிறேன் என்று வாயைத் திறக்கவில்லை.

இங்கே பிள்ளைகளுக்கு ஒண்ணாம் வகுப்பிலேயே நாலு விதி சொல்லித் தருகிறார்கள். ஆபத்து என்றால் தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. பொம்மையை விட்டுவிட்டேன், பையை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போகிறவர்கள்தான் சாகிறார்களாம். தாரிணி வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். நாலாவது விதியை ஒப்பிக்கும்போது விரலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். வருடா வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடுகிறவள் நான்தானே.

6

தூண் போன விஷயம் தெரிந்த மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, மாடியில விரிசல் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"விரிசல் இல்லாத ஊடு ஏது கண்ணு? அதெல்லாம் தறி ஓடற அதுருக்கு."

"கதவெல்லாம் நல்லா சாத்துதுங்களா?"

"அதுதான் ரண்டு மாசமா மக்கர் பண்ணுது. சாத்துனா தொறக்கறதில்ல, தொறந்தா சாத்தறதில்ல. உன்ற அண்ணன் ஆசாரிய வரச்சொல்லி இழைச்சுக் குடுத்தான். ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. மறுக்காப் புடிச்சுக்கிச்சு. மறுக்கா இழைச்சுக் குடுத்தான். என்ற பையன் எனக்கு ஒண்ணுன்னா உட்டுருவானா?"

இங்கே ஆடத் தொடங்கியதும் உடனே கதவைத் திறப்பது எதற்கு? கதவு நிலை கோணிக்கொண்டால் வெளியே வர வழியிருக்காது. அங்கே பூகம்பமே இல்லாமல் நிலை கோணிக்கொண்டு வருகிறது. வீடு இறங்குகிறது. அண்ணன் கதவை இழைத்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். அம்மாவுக்கு மூட்டு வலி என்றால் தூக்கிக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடுவான். மாத்திரையை எடுத்து அவனே கையில் கொடுப்பான். கட்டிலுக்குக் கீழே இருக்கிற தூணை மட்டும் தட்டி எடுத்துவிடுவான். "கெட்டவன் கையில் அகப்பட்டால் தப்பிக்கலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கோபிசெட்டிபாளையத்துக்காரர், நிதானமான மனுஷர், "அது உங்க ஊட்டு விசயம், பாத்துப் பேசு" என்றார். பார்த்துப் பேசி என்ன கண்டோம்?

மறுபடி அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன், முட்டுக் கொடுங்கள், தறியை நிறுத்துங்கள், அம்மாவை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று.

"நீ அங்க இருந்து இருந்து எதப் பாத்தாலும் பூகம்பமாத் தெரியுது உனக்கு. நம்மூர்ல ஏதம்மணி பூகம்பம்?"

"அம்மா சாகறதுக்குப் பூகம்பம் எதுக்குங்கண்ணா? நீங்க ஒருத்தர் பத்தாதா?"

லைன் துண்டாகிவிட்டது.

7

மூன்று நாள் அவன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவே கூப்பிட்டார்.

"கண்ணு, இன்னைக்கு இங்க கரண்டே இல்ல. லைன்ல என்னமோ வேலையாம். தறிக்காரங்கெல்லாம் போயிட்டாங்க. உன்ற அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கறாங்க. ஊடே வெறிச்சுனு கெடக்குது." குரல் தாழ்ந்தது. "என்னமோ சத்தம் கேக்குது கண்ணு. எலியா இருக்குமோன்னு பாத்தேன். எலி இல்ல."

"போனைச் சுவத்துகிட்ட வெய்யுங்கம்மா."

வைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் ஒன்றுமில்லை. தெருவில் ஒரு வண்டி போனது. பிறகு, காய்ந்த சுள்ளியை ஒடித்தது போல ஒரு 'டக்'. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. காரை உதிர்ந்து தரையில் பொலபொலவென்று விழுகிற சத்தம்.

மேசையின் அந்தப் பக்கம் தாரிணி காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கினாள். எத்தனையோ நாளாக நான் கேட்காத தமிழ் அவள் வாயிலிருந்து வந்தது, உடைந்து உடைந்து.

"அம்முச்சி! வெளிய போ. இப்ப. செருப்பு போடு. கதவு மூடாதே. ஓடாதே. போ!"

"யாரு, தாரிணியா? என்ற தங்கம், தமிழ்ல பேசறயா?"

"போ அம்முச்சி!"

வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார். பேத்தி சொன்னதற்காகப் போனார். படியில் இறங்கும் மூச்சு போனில் கேட்டது. எதிர்ப்பக்கம் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், டீ சொல்லியிருக்கிறேன் என்றார்.

அண்ணனுக்கு விடாமல் போன் அடித்தேன். கடைசியில் எடுத்தான். பின்னால் நாதஸ்வரம். "பந்தியில ஒக்காந்திருக்கறேன் அம்மணி. எலை போட்டாச்சு. வந்து பாக்கறேன்" என்றான். இலையை விட்டு எழுந்தால் மரியாதை இல்லையாம்.

இங்கே பொழுது சாய்ந்த பிறகு அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். உடனே எடுத்தார். குரலுக்குப் பின்னால் தடதடதடவென்று எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த சத்தம்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மேலதான் கண்ணு, கட்டில்ல படுத்திருக்கறேன். கரண்ட் வந்துருச்சு. தறி போட்டுட்டாங்க. இப்ப அந்தச் சத்தம் சுத்தமாக் கேக்கல. எல்லாம் சரியாப் போச்சு. நீ வெசனப்படாத."

தாரிணி என் முகத்தைப் பார்த்தாள். "திரும்பிப் போயிட்டாங்களா?" என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள்.

8

மறுநாளே விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். தாரிணியும் வருகிறாள். நான் கூப்பிடவில்லை, அவளாகவே பெட்டியை இறக்கினாள். அதுவரை அம்மாவைப் பக்கத்து வீட்டில் படுக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டேன். "சரி கண்ணு" என்றார். படுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணனுக்குச் செய்தி போட்டதும் கோபமெல்லாம் மறந்து கூப்பிட்டான்.

"வா அம்மணி, வா. ஏர்போர்ட்டுக்கு நானே காரெடுத்துட்டு வாரேன். பூகம்பத்துக்குப் பயந்துட்டயா?"

"ஆமாங்கண்ணா, பயந்துட்டேன்" என்றேன்.

"நாந்தான் சொன்னனே, நம்மூரு மண்ணு கெட்டின்னு."

போனதும் காபி குடிக்க மாட்டேன், பெட்டியை இறக்க மாட்டேன். அண்ணனையும் அண்ணியையும், முடிந்தால் அந்த டிப்ளமா வாஸ்துக்காரரையும், மாடிக்கு அனுப்பி அம்மாவின் கட்டிலில் வரிசையாக உட்காரச் சொல்வேன். தாரிணி அவர்களுக்கு மூன்றாவது விதியைச் சொல்வாள். பேசாதே. நான் கீழே, தறி ஓடுகிற குடோனுக்குப் போவேன். மெயின் சுவிட்ச் இப்போது வாசலுக்குப் பக்கத்திலேயே, என் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. அண்ணனேதான் மாற்றி வைத்தான்.